எழுதினால் வருகிறது, நின்றால் வரவில்லை: ஒரு பொறியியல் மாணவியின் ஆங்கிலப் பேச்சுப் பதற்றம்

இந்த நிகழ்வு ஆய்வுக்கு உரியவர் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த ஒரு மாணவி. தர்மபுரி மாவட்டத்துக் கிராமம். வீட்டில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) விவசாயம். சொந்தக் காடு கொஞ்சம், குத்தகை கொஞ்சம். தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2021-ல் தமிழக அரசு கொண்டுவந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில், கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்றுக்கொள்வதால் வீட்டில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. நான் அதே கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

காகிதத்தில் பார்த்தால் இவருக்குப் பிரச்சினையே கிடையாது. பிளஸ் டூ ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண். அந்தத் தேர்வில் 90 மதிப்பெண் எழுத்துக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. வாயைத் திறக்காமலேயே மேலே போய்விடலாம் என்பது வேறு விஷயம். கல்லூரியில் முதல் செமஸ்டர் ஆங்கிலத் தாளிலும் வகுப்பின் மேல் பாதியில்தான் இருந்தார். கடிதம், கட்டுரை, பத்தி சுருக்குதல் எதிலும் குறை சொல்ல முடியாது. வகுப்பு முடிந்ததும் மேசைக்கு வந்து தமிழில் கேட்கிற சந்தேகங்கள் கூர்மையாக இருக்கும். லேபில் பக்கத்து சிஸ்டத்துத் தோழியிடம், “லூப் எக்ஸிட் ஆகலடி, கண்டிஷன்ல லெஸ் தேன் ஆர் ஈக்வல் போட்டிருக்க பாரு” என்று படபடவென்று சொல்லுவார். எழுந்து நின்று ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்லச் சொன்னால் மட்டும் ஆள் அப்படியே உறைந்துவிடுவார்.

மூன்றாவது வாக்கியம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் முதல் செமஸ்டரிலேயே ஆங்கில ஆய்வகம் உண்டு. அதில் ஆளுக்கு இரண்டு நிமிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். இவர் முறை வந்தது. “குட் மார்னிங் ஒன் அண்ட் ஆல்” என்று தொடங்கினார். பெயர் சொன்னார், ஊர் சொன்னார். மூன்றாவது வாக்கியம் பாதியில் இருக்கும்போது பின்னால் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு மறுபடியும் “குட் மார்னிங் ஒன் அண்ட் ஆல்” என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடம் வந்ததும் திரும்ப நின்றுவிட்டார். இன்னொரு தடவை “குட் மார்னிங்” என்றதும் வகுப்பே சிரித்துவிட்டது.

அவர் கையில் மடித்து வைத்திருந்த தாளைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு ஆங்கில வரிக்கும் மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருந்தது. எங்கே மூச்சு விட வேண்டும் என்பதற்குக்கூடச் சின்னச் சின்னச் சாய்கோடுகள். உழைப்பு போதவில்லை என்று அந்தத் தாளைப் பார்த்த யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அத்தனை உழைப்பும் ஒலியை வரிசையாக நினைவில் வைப்பதற்கே போயிருந்தது. வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை ஏழெட்டில் தடுக்கினால் திரும்ப ஓரேழிலிருந்துதான் தொடங்கும். இவருக்கும் அதுதான் நடந்தது. நடுவில் நுழைய வழியே இல்லை. தமிழ் வழியில் படித்து வருகிற பிள்ளைகளில் பலர் இப்படித்தான் தயாராகி வருகிறார்கள். எழுதி மனப்பாடம் செய்வதற்கு நாம்தான் பத்துப் பன்னிரண்டு வருடம் மதிப்பெண் போட்டுப் பழக்கியிருக்கிறோம்.

அது முதல் அடி. இரண்டாவது அடி மூன்றாம் செமஸ்டரில், தரவுகளைக் கணினியில் அடுக்கிவைக்கும் முறைகளைச் சொல்லும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தின் செமினாரில் விழுந்தது. ‘க்யூ’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்து எழுத்து வரும். அதில் நான்கு சும்மா நிற்கும். இவர் அதைப் புத்தகத்தில் கண்ணால் மட்டுமே பார்த்திருந்தார், அதனால் எழுத்துக் கூட்டி “குவியூ” என்று படித்தார். பாடம் நடத்தியவர் அந்தத் தலைப்பைத் தொட்ட நாளில் ஊரில் திருவிழா, இவர் லீவில் போயிருந்தாராம். செமினார் முடிவதற்குள் ‘குவியூ’ அவருடைய பட்டப்பெயராகிவிட்டது. கேன்டீனில் வரிசையில் நின்றாலே, “ஏய், குவியூல வா” என்று ஒரு கும்பல் ஓட்டும். கேலி செய்தவர்களிடம் கேட்டால் “சும்மா ஜாலிக்கு மேம்” என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை, அவர்களுக்கு அது ஜாலிதான்.

அதற்கப்புறம் ஒதுங்கல் தொடங்கியது. செமினார் நாளில் வயிற்றுவலி. ரோல் நம்பர் வரிசையில் கேள்வி வருகிறதென்றால், தன் எண்ணுக்கு நான்கைந்து பேர் முன்னால் தண்ணீர் குடிக்க வெளியே போவது. பதில் தெரிந்தாலும் “நோ ஐடியா மேம்” என்று சொல்லி உட்கார்ந்துவிடுவது. செமஸ்டர் செய்முறைத் தேர்வில் புரோகிராம் சரியாக ஓடி அவுட்புட்டும் வந்துவிட்டது. வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் ஸ்டாக் என்றால் என்னவென்று கேட்க, “சாரி சார்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஸ்டாக்கை வைத்துத்தான் சற்று முன் அந்தப் புரோகிராமையே எழுதியிருந்தார். வகுப்பு ஆலோசகர் இவரை என்னிடம் அனுப்பியது இதற்குப் பிறகுதான்.

கல்லூரி அதுவரை செய்தது

எங்கள் கல்லூரியும் சும்மா இருக்கவில்லை. வளாகத்துக்குள் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும், தமிழில் பேசினால் 10 ரூபாய் அபராதம் என்று ஒரு விதி. இதன் பலனைச் சொல்லவே வேண்டாம்: நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் பேசினார்கள், காசு வைத்திருந்தவர்கள் தமிழில் பேசிவிட்டுக் கட்டினார்கள், இவரைப் போன்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அடுத்து பிளேஸ்மென்ட் பயிற்சியாளர்கள் வந்தார்கள். ஆடிட்டோரியத்தில் இருநூறு பேரை உட்கார வைத்து, யாராவது ஒருவர் கையில் மைக்கைத் திணித்து, “கமான், கம் அவுட் ஆஃப் யுவர் ஷெல்” என்பது அவர்கள் பாணி. ‘கூச்சம் போக வேண்டுமென்றால் தண்ணீரில் தள்ளிவிட வேண்டும்’ என்கிற நம்பிக்கை நம் கல்லூரிகளில் வேரோடிப் போயிருக்கிறது. தள்ளியதில் நீந்தியவர்களை மேடையேற்றிக் கைதட்டுகிறோம். மூழ்கியவர்களை யாரும் எண்ணுவதில்லை.

எதைப் பற்றிப் பயம்?

மொழி வகுப்புப் பதற்றத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுவது 1986-ல் ஹார்விட்ஸ் குழுவினர் வெளியிட்ட அளவுகோல். 33 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ‘முழுக்க ஒப்புக்கொள்கிறேன்’ முதல் ‘சுத்தமாக இல்லை’ வரை ஐந்து படிகள். அமெரிக்காவின் ஆஸ்டினில் உள்ள டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் அது உருவான விதமே கவனிக்கத்தக்கது. 1983 கோடையில் அங்கே தொடக்கநிலை மொழி வகுப்பு மாணவர்கள் 225 பேரிடம், மொழி கற்பதில் சிரமப்படுபவர்களுக்கு ஓர் ஆதரவுக் குழு தொடங்கலாமா என்று கேட்டார்கள். 78 பேர் சேர விரும்பினார்கள். இடமும் நேரமும் போதாமல் பதினைந்து பதினைந்து பேராக இரண்டு குழுக்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் குழுக்களில் மாணவர்கள் சொல்லி அழுத விஷயங்கள் பிற்பாடு அளவுகோலின் கூற்றுகளை உருவாக்க உதவின. பேசுவதில் உள்ள அச்சம், தேர்வு பயம், பிறர் நம்மைத் தாழ்வாக எடை போடுவார்களோ என்ற பயம் ஆகிய மூன்றோடும் மொழி வகுப்புப் பதற்றத்துக்கு உறவுண்டு என்றார்கள்.

இதில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அந்த டெக்ஸஸ் மாணவர்கள் ஸ்பானிஷ் போன்ற ஒரு வேற்றுமொழியைப் பாடமாக எடுத்தவர்கள். வகுப்பை விட்டு வெளியே வந்தால் அவர்கள் மொழி அவர்களுக்காகக் காத்திருக்கும். இங்கே ஆங்கிலம் ஒரு தாளோடு போவதில்லை. நான்கு வருடமும் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில், வைவா ஆங்கிலத்தில், வேலைக்கான நேர்காணல் ஆங்கிலத்தில். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியிலும் தொடங்கியது உண்மைதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த இந்தப் பெண்ணுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

கூற்றுகளைத் தமிழாக்கி அவரிடம் கொடுத்தேன். கூட்டுத்தொகை எவ்வளவு என்பதைவிட, எந்த வரிகளில் பேனா அழுந்தியிருக்கிறது என்று பார்ப்பதுதான் ஒரே ஒரு மாணவரை ஆராயும்போது உதவும். ‘நான் பேசும்போது மற்ற மாணவர்கள் சிரிப்பார்களோ என்று பயப்படுகிறேன்’ என்பதில் முழு ஒப்புதல். ‘தெரிந்ததுகூடப் பதற்றத்தில் மறந்துபோகிறது’ என்பதிலும் அப்படியே. ஆனால் தேர்வில் தோற்றுவிடுவேனோ என்ற கவலை இல்லை. இலக்கண விதிகள் மலைப்பாக இருக்கின்றனவா என்றால் அதுவும் இல்லை. அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் பேசுவது பற்றிய கூற்றுக்கு வந்தபோது, யோசிக்காமல் ‘பதற்றம் இருக்காது’ என்ற பக்கம் டிக் அடித்திருந்தார். எனக்கு அது விசித்திரமாகப் பட்டது.

“வெள்ளைக்காரங்ககிட்ட பேசப் பயமில்லையாம்மா?”

“தெரியாதவங்கன்னா பரவால்ல மேம். நம்ம பசங்க முன்னாடிதான்.”

“யார்கிட்டயாவது அப்படிப் பேசியிருக்கியா?”

“ரூம்மேட் பீகார் மேம். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. தினம் இங்கிலீஷ்லதான்.”

மொத்த ஆய்வும் திரும்பியது இந்த இடத்தில்தான். ஒன்றரை வருடமாக இந்தப் பெண் விடுதி அறையில் ராத்திரி பத்து மணிக்கு ஆங்கிலத்தில் சண்டை போட்டிருக்கிறார், வீட்டுக் கதை பேசியிருக்கிறார், மெஸ் சாம்பாரைத் திட்டியிருக்கிறார். அவரையும் ரூம்மேட்டையும் ஒருநாள் சேர்த்து உட்கார வைத்துப் பேசச் சொன்னேன். “மார்னிங் வாட்டர் நாட் கம், மோட்டார் ப்ராப்ளம், ஐ டெல் வார்டன், ஷி சே டுமாரோ” என்கிற ரகம். காலம் தப்பு, வினை தப்பு. ஆனால் தட்டுத் தடங்கல் இல்லாமல் ஓடியது.

பதற்றத்தால் மொழி வரவில்லையா, மொழி வராததால் பதற்றமா என்று ஒரு பழைய சண்டை உண்டு. ஸ்பார்க்ஸ், கான்ஷோ என்ற இரு ஆய்வாளர்கள் 1991-லிருந்தே இரண்டாவது கட்சி: மொழித் திறனில் உள்ள குறைதான் மூலம், பதற்றம் அதன் விளைவு என்றார்கள். நன்றாகப் படிக்கிற, மேல்நிலையை எட்டிவிட்ட மாணவர்களுக்கும் பதற்றம் இருக்கிறதே என்று ஹார்விட்ஸ் தரப்பு திருப்பிக் கேட்டது. பொதுவாக இதற்கு என்ன தீர்ப்பு என்பது என் வேலையில்லை. இந்த மாணவி விஷயத்தில் விடை தெளிவாகவே கிடைத்தது. மொழிக் குறை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். விடுதி அறையில் செய்த அதே தப்புகள்தான் வகுப்பிலும் வரும். வகுப்பில் மட்டும் அவை அவரை நிறுத்திவிடுகின்றன. மாறுவது எதிரே இருக்கும் ஆட்கள்.

அந்த ஆட்களிடம் எந்தப் பக்கம் போனாலும் அடி. தப்பாகப் பேசினால் பட்டப்பெயர். சரியாகப் பேசினால் “பீட்டர் விடுறா பாரு” என்ற பட்டம். முதல் செமஸ்டரில் இவரோடு அதே 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த இன்னொரு பையன் நன்றாகவே பேசக்கூடியவன். சொந்த ஊர் நண்பர்கள் ஓட்டியதில் அவனும் வகுப்பில் பேசுவதை நிறுத்திக்கொண்டான். சிட்டியில் கான்வென்டில் படித்து வந்தவர்களை இந்தக் கேலி தொடுவதில்லை. அவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. தன்னைப் போன்ற ஒருத்தி வேறு மாதிரி ஆகப் பார்க்கிறாள் என்று தோன்றும்போதுதான் நாக்குகள் நீளும். டெக்ஸஸ் அளவுகோலில் இதற்கென்று ஒரு கூற்றும் கிடையாது, இருக்க நியாயமும் இல்லை.

ஆசிரியர்களாகிய எங்கள் பங்கும் உண்டு. மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்ததில், கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான் என்று தெரிந்தது. அதை மூன்று விநாடி ஆக்கினாலே பதில்கள் நீண்டன, பதில் சொல்லாத பிள்ளைகளும் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் பார்த்தது பெரும்பாலும் தாய்மொழியில் நடந்த அறிவியல் வகுப்புகள். இரண்டாம் மொழியில் வாக்கியத்தைக் கோத்து எடுக்க வேண்டியவருக்கு ஒரு விநாடி எப்படிப் போதும்? அறுபது பேர் வகுப்பில் இவர் உதட்டைப் பிரிப்பதற்குள் “நெக்ஸ்ட்” என்று அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுகிறோம்.

செய்து பார்த்தது

நான்காம் செமஸ்டரில் சாஃப்ட் ஸ்கில்ஸ் பீரியட் என் கையில் இருந்தது. முதல் வேலையாக மேடையை எடுத்துவிட்டேன். யாரும் எழுந்து நின்று வகுப்பு முழுவதற்கும் பேச வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஜோடி ஜோடியாகப் பேசுவார்கள். முப்பது ஜோடி சேர்ந்து பேசினால் சந்தை இரைச்சல். அந்த இரைச்சலில் ஒருவர் தப்பு மற்றவர் காதில் விழாது. பக்கத்து வகுப்பிலிருந்து இரண்டு முறை புகார் வந்தது, அது ஒரு பக்கம்.

ஜோடிப் பேச்சுக்கு எடுத்துக்கொண்டது 4/3/2 என்ற முறை. கீத் மாரிஸ் 1983-ல் எழுதியது, பிறகு நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் பரவலாக்கியது. ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம் சொல்ல வேண்டும், அடுத்து வேறொருவரிடம் 3 நிமிடத்தில், மூன்றாவதாக இன்னொருவரிடம் 2 நிமிடத்தில். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர் என்பதால் சொன்னதையே சொல்கிறோமே என்ற சலிப்பு வராது. சொல்பவருக்கு விஷயம் ஏற்கெனவே கைவசம் இருப்பதால் கவனம் முழுக்கச் சொல்லும் விதத்துக்குப் போகும். எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. ஒரு சின்ன அட்டையில் ஐந்தாறு சொற்கள் மட்டும் குறித்துக்கொள்ளலாம். பேசுவதற்கு முன் இரண்டு நிமிடம் தமிழிலேயே யோசித்து, தமிழிலேயே ஜோடியிடம் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் அனுமதித்தேன். அபராத விதியை மதிக்கிற சக ஆசிரியர்களுக்கு இது பிடிக்கவில்லை.

தலைப்பில்தான் பெரிய வித்தியாசம் தெரிந்தது. ‘சமூக ஊடகத்தின் நன்மை தீமைகள்’ கொடுத்தபோது இவர் முனகினார். யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியதை இவர் எதற்குத் தட்டுத் தடுமாறிச் சொல்ல வேண்டும்? ‘உங்கள் வீட்டுத் தொழில்’ என்று கொடுத்ததும் குச்சிக்கிழங்கு வந்தது. அட்டையில் ‘பாயிண்ட்’, ‘மில்’, ‘ஜவ்வரிசி’ என்று தமிழில் மூன்று சொல். ஜவ்வரிசி ஆலையில் கிழங்குக்கு விலை வைப்பது அதிலுள்ள மாவுச்சத்தை அளந்துதான்; அந்த அளவைப் ‘பாயிண்ட்’ என்பார்கள், பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கு. மில்லில் பாயிண்டைக் குறைத்துப் போடுகிறார்கள் என்பது தர்மபுரி, சேலம் பக்கத்து விவசாயிகளின் தீராத குறை. இதெல்லாம் கோவையில் வளர்ந்த ஜோடிப் பெண்ணுக்குத் தெரியாது. அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டிக் கேள்வி கேட்டார்: “ஹூ வில் செக் தி பாயிண்ட்?” அந்தக் கேள்விக்கு இவர் பதில் சொன்ன வேகத்தைப் பார்க்க வேண்டும். கையை ஆட்டி, குரல் உயர்ந்து, “மில் ஓனர் ஒன்லி! அவர் (our) கிழங்கு, ஹிஸ் மிஷின்!” என்றார். இலக்கணம் போனால் போகிறது, நியாயம் அவர் பக்கம் இருந்தது. வகுப்பில் தன்னைவிட எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தவர், எதிரே இருப்பவருக்குத் தெரியாத ஒன்றை முதல் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று சுற்றில் ஒரே வாக்கியம் எப்படி நகர்ந்தது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். முதல் சுற்றில்: “தி கிழங்கு… ஆஃப்டர் டேக்கிங்… ஃப்ரம் மண்… டூ டேஸ், த்ரீ டேஸ்… ஸ்பாயில்.” இரண்டாவது சுற்றில் கேட்டவர் “ஆஃப்டர் ஹார்வெஸ்டா?” என்று கேட்க, “எஸ், ஹார்வெஸ்ட்” என்று பிடித்துக்கொண்டார். மூன்றாவது சுற்றில் “ஆஃப்டர் ஹார்வெஸ்ட், டூ ஆர் த்ரீ டேஸ் இட் ஸ்பாயில், சோ வீ ஆர் செண்டிங் ஃபாஸ்ட் டு தி மில்” என்று ஒரே மூச்சில் வந்தது. ‘ஸ்பாயில்’ தப்பாகவேதான் இருந்தது. திருத்தவில்லை. பேச்சு முடிந்தபிறகு ஒரு துண்டுத் தாளில் அதிகபட்சம் இரண்டு திருத்தம் எழுதி, கையில் கொடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டோம். வாய்விட்டுத் திருத்தினால் அறையில் இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொன்னதாகிவிடும்.

ராத்திரி ரூம்மேட்டிடம் இதே கதையைச் சொல்ல, ஜவ்வரிசியை பீகாரில் சாபுதானா என்பார்கள், விரத நாளில் சாப்பிடுவது அதுதான் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரப் பேச்சில் அதுவும் சேர்ந்துவிட்டது.

‘குவியூ’ போன்ற விபத்துகளுக்கு வைத்தியம் சுலபம். பாடம் தொடங்கும் முன் அந்த அலகில் உள்ள கலைச்சொற்களைப் போன் அகராதியில் ஒலிக்கவிட்டுக் கேட்டு வருவது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ஆசிரியரும் ஒத்துழைத்தார். முழு வகுப்பும் செய்தபோது கான்வென்ட் பிள்ளைகளிலும் பாதிப் பேர் ‘கேஷ்’ என்று சொல்ல வேண்டிய நினைவகச் சொல்லைக் ‘கேட்ச்’ என்று சொல்லி வந்தது தெரிந்தது.

இன்னொன்று வீடியோ. பேசும்போது கை நடுங்குவது எல்லோருக்கும் தெரிகிறது என்பது இவருடைய உறுதியான நம்பிக்கை. அமெரிக்க உளவியலாளர்கள் சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003-ல் இதைத்தான் ஆராய்ந்தார்கள்: உள்ளே இருக்கும் பதற்றம் வெளியே தெரிவதாகப் பேசுபவர் நினைக்கும் அளவுக்கு அது தெரிவதில்லை, இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பேசியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். நான் எடுத்துச் சொன்னபோது இவர் நம்பவில்லை. லேப் தோழி போனில் எடுத்த வீடியோவைப் பார்த்தபிறகுதான், “கை ஆடவே இல்லயே மேம்” என்றார். குரல் தன்னுடையது மாதிரி இல்லை என்று அடுத்த குறை கண்டுபிடித்தார். அது எல்லோருக்கும் வருகிற குறைதான்.

என்ன மாறியது, என்ன மாறவில்லை

செமஸ்டர் கடைசியில் மறுபடியும் ஒரு செமினார். மேடை இருந்தது, அறுபது பேரும் இருந்தார்கள். கையில் அட்டை, முழுத் தாள் இல்லை. தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு சொல் வராமல் நின்றார். நான் வாயைத் திறக்காமல் இருக்க நிறையவே பிரயாசைப்பட வேண்டியிருந்தது. “அதாவது…” என்று தமிழில் இழுத்தார், அட்டையைப் பார்த்தார், விட்ட இடத்திலிருந்து மேலே போனார். “குட் மார்னிங்” என்று திரும்பப் போகவில்லை. பின் பெஞ்சில் ஒருவன் ‘குவியூ’ என்று முணுமுணுத்தது எனக்கே கேட்டது, அவருக்கும் கேட்டிருக்கும். தப்புகளை எண்ணினால் முதல் செமஸ்டரைவிட அதிகமாகத்தான் வரும், ஏனென்றால் இந்த முறை அவர் பேசியது சொந்த வாக்கியம்.

அளவுகோலை மறுபடி கொடுத்ததில் ‘தெரிந்தது மறந்துபோகிறது’ என்ற வரி தளர்ந்திருந்தது. ‘சிரிப்பார்களோ’ என்ற வரி கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. பயம் போய்விடவில்லை; பயத்தோடு பேச ஒரு வழி கிடைத்திருக்கிறது. கேலி செய்கிற வழக்கம் ஒரு செமஸ்டரில் போகிற விஷயமுமில்லை.

ஒரே ஒரு மாணவியை வைத்து இதையெல்லாம் பொதுவாக்க முடியாது. ரூம்மேட் பீகாரியாக அமைந்தது அதிர்ஷ்டம். தமிழ்ப் பிள்ளைகளே நால்வர் தங்கும் அறையில் இருந்திருந்தால் அவர் ஆங்கிலத்தில் பேசத் தெரிந்தவர் என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. எந்த மாற்றம் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை. ஜோடிப் பேச்சு, தலைப்பு, வீடியோ எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தவை. அடித்துக் கேட்டால் தலைப்புக்குத்தான் என் ஓட்டு.

இப்போது அவர் மூன்றாம் வருடம். 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்துப் பயிற்சிகள் ஒரு பக்கம், கல்லூரியின் மாதிரி நேர்காணல்கள் ஒரு பக்கம். டெக்னிக்கல் ரவுண்டில் தன் மினி புராஜெக்ட்டை விளக்கச் சொன்னால் விளக்கிவிடுகிறார். ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்றால் பழைய மனப்பாடம் எட்டிப் பார்க்கிறது. குரூப் டிஸ்கஷனில் (ஜிடி) இன்னமும் வாய் திறப்பதில்லை. பத்துப் பேர் நடுவே இடம் பிடித்து, ஒருவர் பேச்சை வெட்டி நுழைய வேண்டிய வேலை அது. தமிழிலேயே அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. இந்த செமஸ்டர் மாதிரி ஜிடியில் முதல் சுற்றை மட்டும் மாற்றிவிட்டோம்: ஆளுக்கு முக்கால் நிமிடம், யாரும் குறுக்கே வரக் கூடாது, அதற்குப் பிறகுதான் திறந்த விவாதம். கம்பெனிக்காரர்கள் இப்படி வைக்க மாட்டார்கள் என்று பிளேஸ்மென்ட் அதிகாரி ஆட்சேபிக்கிறார். அவர் சொல்வது சரிதான். ஆனாலும் டிசம்பர் வரை இப்படியே ஓட்டிப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறேன்.